ரோமிலிருந்து ஒரு வாரயிறுதி: கார் இல்லாமல் ஸ்கான்னோ போய்வர இயலுமா?

கடைசிப்பேருந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தம் இரண்டு ஆண்டுகளாக ரோமில் வசிக்கிறேன். அக்டோபர் நடுவில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வெனிஸ், ஃபுளோரன்ஸ் இரண்டையும் அவர் முன்பே பார்த்துவிட்டதாலும், கூட்டத்தில் இடிபட்டு நடப்பதை அவர் விரும்பாததாலும், ஒரு வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும்படியாக ஏதாவது மலையூருக்கு அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். அப்ருட்ஸோ மாநிலத்தில் உள்ள ஸ்கான்னோவைப் பற்றி உடன் வேலை செய்பவர் சொன்னார். இதய வடிவில் ஏரி ஒன்று இருக்கிறதாம்.

என்னிடம் கார் கிடையாது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சைவம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அங்கே போவது அறிவுள்ள செயலா என்பதை, போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பாதை எழுதியது:

நான் மூன்று முறை சென்றிருக்கிறேன், அவற்றுள் இரண்டு முறை பொதுப் போக்குவரத்தில். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஏரிக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் ஏமாற்றம் அடைவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையில் நிற்பவருக்கு அது இதயமாகத் தெரியாது. எதிர்மலையில், ஃபிராத்தூரா என்னும் சிற்றூர் இருக்கும் பக்கமாக ஏறிச்சென்று ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் கரையின் வளைவுகள் அந்த வடிவில் பொருந்தி வரும். அதற்கென்றே இதயப் பாதை என்று பெயரிட்ட நடைபாதை உண்டு. முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஏற்றதன்று.

ஏரி உருவான கதை அதன் வடிவத்தைக் காட்டிலும் சுவையானது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜென்ட்ஸானா மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து தாஸோ ஆற்றின் வழியை அடைத்துக்கொண்டது. அப்படித் தேங்கிய நீர்தான் இன்று 922 மீட்டர் உயரத்தில் ஏரியாகக் கிடக்கிறது. தண்ணீர் சரிவின் அடியில் கசிந்து, கீழே வில்லாலாகோ ஊரருகே ஊற்றுகளாக வெளிப்பட்டு சகித்தாரியோ ஆறாக ஓடுகிறது. நீங்கள் சுல்மோனாவிலிருந்து பேருந்தில் ஏறி வரும்போது அந்த ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் வழியாகத்தான் வருவீர்கள். சாலை பாறையில் செதுக்கியது போலிருக்கும். ஏறும்போது ஆறு எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்து இருக்கையில் அம்மாவை உட்கார வையுங்கள், வளைவுகளில் தலைசுற்றல் வரும் இயல்பு அவருக்கு இல்லையென்றால்.

வழியைப் பொறுத்தவரை, ரோம் திபுர்தீனா நிலையத்திலிருந்து சுல்மோனாவுக்கு ரயில். அப்பென்னைன் மலையைக் குறுக்காக ஏறி இறங்கும் பழைய பாதை என்பதால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பாதையில் பணி நடக்கும் காலங்களில் சில பகுதிகளுக்கு ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சுல்மோனாவிலிருந்து ஸ்கான்னோ பேருந்தில் ஒரு மணி நேரம். ஓர் எச்சரிக்கை: அன்வேர்ஸா–வில்லாலாகோ–ஸ்கான்னோ என்று பெயர் தாங்கிய ரயில் நிலையம் ஒன்று அந்தப் பாதையில் உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்கிவிடாதீர்கள். ஸ்கான்னோ அங்கிருந்து வெகு தொலைவில், மலைக்கு மேலே இருக்கிறது.

கறுப்புவெள்ளை எழுதியது:

ஒளிப்படத்தில் சிறிதளவேனும் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஸ்கான்னோ ஒரு புண்ணியத்தலம். ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1951இல் அங்கே படமெடுத்தார். அதன்பின் 1957இலும் 1959இலும் மரியோ ஜாகோமெல்லி சென்றார். செனிகல்லியாவில் அச்சகத் தொழில் செய்துகொண்டு, ஓய்வு நாள்களில் மட்டும் கேமராவைத் தூக்கியவர் அவர். கறுப்பு உடை உடுத்த பெண்கள் நிழல்போல் கலங்கித் தெரிய, நடுவே ஒரு சிறுவன் மட்டும் தெளிவாக, கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நம்மை நோக்கி நடந்துவரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்கான்னோவின் தெருதான். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் ஒளிப்படப் பிரிவுத் தலைவராக இருந்த ஜான் ஷார்கோவ்ஸ்கி அதைத் தேர்ந்தெடுத்த பிறகு ஸ்கான்னோவின் பெயர் உலகெங்கும் பரவியது.

ஆகவே காலை ஏழு மணிக்கு முன் எழுந்து படிக்கட்டுத் தெருக்களில் நடங்கள். வெளிச்சம் சரிவாக விழும். பழைய உடையில் ஒரு பாட்டி எதிர்ப்பட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

நிதானம் எழுதியது:

மேலே உள்ள கடைசி வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த உடையை நாள்தோறும் அணிகிற பெண்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள், எல்லோரும் முதியவர்கள். ஊரின் மக்கள்தொகையே 2000க்குக் குறைவு. தேவாலயத்துக்குப் போகிற வழியிலும் ரொட்டி வாங்கித் திரும்புகிற வழியிலும் இவர்களை வழிமறித்துப் படமெடுக்கப் பல ஆண்டுகளாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் ஒரு திண்ணை ஓரம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மூதாட்டி கேமராவைக் கண்டதும் கூடையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக விரைந்ததைப் பார்த்தேன். படமெடுத்தவரோ அந்தக் கூடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு போனார்.

அந்தப் படங்களின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் இருப்பவர்கள் அந்தப் படங்களின் மிச்சம் அல்லர்.

கறுப்புவெள்ளை எழுதியது:

கேட்டுக்கொண்டு எடுங்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இருப்பினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களே அந்தப் படங்களைப் பெருமையாகக் கருதித் தெருவில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 14 அன்று, பழைய முறைப்படியான திருமண ஊர்வலம் ஒன்றை அவர்களே ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். இளம் பெண்கள் பாட்டிமாரின் உடையை உடுத்தி, ஆணோடு கைகோத்து வரிசையாக வருவார்கள். அன்று எவ்வளவு வேண்டுமானாலும் படமெடுக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஊரே வெளியாருக்குக் காட்ட விரும்பும் நாள் அது.

நிதானம் எழுதியது:

நான் சொல்வதும் அதுவேதான். அவர்கள் காட்டுகிற நாளில் பாருங்கள்.

மலைப்பாதை எழுதியது:

இருவரும் உடையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்த உடை எதனால் வந்தது என்பதை யாரும் தொடவில்லை. ஊரைப் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல் என்பது என் எண்ணம், எனவே சற்று நீட்டி எழுதுகிறேன்.

ஸ்கான்னோ 1050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே மந்தைக்குப் புல் கிடையாது. ஆகையால் செப்டம்பர் இறுதியில் ஆண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பூலியா சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள், கோடை தொடங்கும்போதுதான் ஏறிவருவார்கள். 111 மீட்டர் அகலமுள்ள புல்வெளிச் சாலைகள் இதற்கென்றே அரசால் காக்கப்பட்டு வந்தன. நேப்பிள்ஸை ஆண்ட அரகோனிய மன்னர் அல்ஃபோன்சோ 1447இல் இந்த மந்தைப் போக்குவரத்துக்கு வரி வசூலிக்க ஒரு தனித் துறையையே அமைத்தார். பின்னர் அது ஃபோஜ்ஜாவிலிருந்து இயங்கியது. 1806 வரை அது நீடித்ததென்றால் அதில் புழங்கிய பணத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆட்டு மந்தைகளைப் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்த்துச் செல்லும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2019இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பின்னணியோடு ஊருக்குள் நடந்தால், இவ்வளவு சிறிய மலையூரில் செதுக்கிய கல் வாசல் வைத்த பெரிய வீடுகள் எப்படி வந்தன என்பது விளங்கும். கம்பளியால் வந்த செல்வம் அது. ஆண்கள் ஆண்டில் பாதிக்கு மேல் ஊரில் இல்லை. வீடு, வயல், பிள்ளைகள், நெசவு, கடன் எல்லாம் பெண்கள் கையில் இருந்தன. அந்தக் கனத்த கம்பளிப் பாவாடை அவர்களே நூற்றுச் சாயமிட்டது. அழகுக்காக மட்டும் உடுத்தியது அல்ல, குளிருக்கும் உழைப்புக்கும் ஏற்றபடி அமைந்தது. ஊரில் கம்பளி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சிறியதுதான், ஆனால் தலைப்பாகை போன்ற அந்தத் தலையணியைக் கிட்டத்தில் பார்க்கலாம். திறந்திருக்கும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர்சுற்றி எழுதியது:

சைவ உணவுக்கு வருவோம். ஆட்டுக்கறியைச் சிறு துண்டுகளாகக் குச்சியில் கோத்துச் சுடும் அர்ரோஸ்தீச்சினிதான் அந்த மாநிலத்தின் அடையாளம் என்பதால் எல்லா உணவகத்திலும் கரிப்புகை மணக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் அம்மா பட்டினி கிடக்க மாட்டார். ரிக்கோத்தா பாலாடை அடைத்த ரவியோலி, பருப்பு அல்லது அவரைக்கொட்டை சேர்த்த பாஸ்தா, வதக்கிய மலைக்கீரை, ஆட்டுப்பால் பெக்கோரீனோ ஆகியவை கிடைக்கும். ஃபிராத்தூராவின் வெள்ளை அவரைக்கொட்டை பெயர்பெற்றது. மெனுவில் இருந்தால் விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பருப்பு சூப் சைவம் போலத் தெரியும், ஆனால் அடியில் பன்றிக்கொழுப்பை வதக்கியிருப்பார்கள். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் அதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கொழுப்பும் இறைச்சிச் சாறும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும். பெக்கோரீனோவும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது. அம்மா அந்த அளவுக்குப் பார்ப்பவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனிப்பில் பான் தெல்லோர்ஸோ, அதாவது கரடி ரொட்டி. வாதுமையும் தேனும் சேர்த்துச் செய்து, மேலே சாக்லெட் பூசிய கேக். மேய்ப்பர்கள் வழிக்கு எடுத்துச் சென்ற ரொட்டியைக் கரடி தின்றது என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கதை எப்படியோ, கரடி உண்மை. அருகிலுள்ள தேசியப் பூங்காவில் மார்சிக்காப் பழுப்புக் கரடிகள் ஏறத்தாழ 50 மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

நிதானம் எழுதியது:

வெள்ளி இரவு, சனி இரவு இரண்டையும் அங்கேயே கழிப்பது நல்லது. ஒரே நாளில் போய்த் திரும்புபவர்கள் காலை பதினொன்றுக்கு வந்து, ஒரு மணிக்குக் கடைகள் மூடியபின் வெறிச்சோடிய தெருவில் அலைந்துவிட்டு, நான்கு மணிக்குக் கடைகள் திறக்கும் நேரத்தில் பேருந்துக்கு ஓடுகிறார்கள். மாலை ஆறு மணிக்குமேல் ஊர் முழுவதும் தெருவில் இறங்கி மெதுவாக மேலும் கீழுமாக நடக்கும். அம்மாவை ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிட்டால் அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்.

கடைசிப்பேருந்து எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரயிறுதியில் போய்வந்துவிட்டோம். நடந்தவற்றை எழுதுவது கடமை.

பள்ளத்தாக்குச் சாலையில் ஏறும்போது இருட்டிவிட்டது, எனவே பக்கத்து இருக்கை ஆலோசனை வீணாயிற்று. ஆனால் இருட்டில் மேலே, எதிலும் ஒட்டாமல் மிதப்பது போல, சில விளக்குகள் தெரிந்தன. ஓட்டுநர் தலையை அசைத்து "காஸ்ட்ரோவால்வா" என்றார். எஷர் என்ற டச்சு ஓவியர் 1930இல் கல்லச்சில் வரைந்த ஊர் அதுதான் என்று பிறகு அறிந்தேன்.

சனிக்கிழமை காலையில் அம்மாவின் முழங்கால் இறங்குவதற்கு மட்டும்தான் எதிர்ப்புத் தெரிவித்தது. ஸ்கான்னோவின் தெருக்கள் பாதி படிக்கட்டுகள், படிகள் வழவழப்பானவை. கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. இதை யாரும் எனக்கு எழுதவில்லை என்பது என் ஒரே மனக்குறை. முதியவர்களோடு செல்பவர்கள் ஊரின் மேற்பகுதியில் அறை எடுத்துவிட்டு நாள் முழுவதும் ஏறி இறங்காமல், பெரிய சாலையை ஒட்டிய தங்குமிடமாகப் பாருங்கள்.

ஏரிக்குப் பேருந்தில் போனோம். பாறையை ஒட்டி நிற்கும் சிறிய மாதா கோயிலருகே இறங்கிக் கரையில் நடந்தோம். பீச் (beech) மரங்கள் மேலிருந்து கீழாகச் சிவக்கத் தொடங்கியிருந்தன. உச்சியில் துரு நிறம், இடையில் மஞ்சள், நீருக்கருகே இன்னும் பச்சை. இதயம் தெரியவில்லை. அம்மா அதைக் கேட்கவும் இல்லை.

அம்மாவுக்குப் பிடித்தது பொற்கொல்லர் கடை. அந்த ஊரின் பிரெசெந்தோஸா என்னும் பதக்கத்தை அங்கே கையால் செய்கிறார்கள். நட்சத்திர வடிவில், கம்பி வேலையில், நடுவே ஓர் இதயம் அல்லது இரண்டு இதயங்கள் இருக்கும். இரண்டு இருந்தால் திருமணம் நிச்சயமானவள் என்று பொருளாம். தட்டானார் முடி போன்ற இரண்டு இழைகளை ஒன்றாக முறுக்கி, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினார். தட்டையான கம்பியின் ஓரம் நுண்ணிய அரம்போல் ஆகிவிடுகிறது. அதைச் சிமிட்டாவால் சுருட்டிச் சுருட்டிச் சட்டத்துக்குள் ஒன்றையொன்று நெருக்கி வைத்தார், அதன்மேல் பொடிசெய்த பற்றாசைத் தூவித் தீயை ஒரே ஒரு நொடி காட்டினார். ஒரு நொடி கூடினால் கம்பியே உருகிவிடும் என்று அம்மா எனக்கு விளக்கினார். என் தாத்தா வீட்டுக்கு எதிரே ஆசாரி பட்டறை இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தட்டானார் எழுந்து வந்து அம்மாவின் ஜிமிக்கியைப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டார். லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, குஞ்சத்தில் தொங்கிய மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை, அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முடிந்து பழைய உடையில் ஒரு மூதாட்டி வந்தார். கேமரா என் பையில் இருந்தது. கறுப்புவெள்ளை அவர்களே, மன்னியுங்கள், எடுக்கவில்லை. அம்மாவின் சேலையை அவர் நின்று பார்த்தார், அவர் பாவாடையின் மடிப்புகளை அம்மா நின்று பார்த்தார். பிறகு அவர் குனிந்து சேலையின் கரையை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "குளிராதா?" என்ற பொருளில் தன் தோளைத் தேய்த்துக் காட்டினார்.

பிறகு வந்தது சிக்கல். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் மாலை வண்டி ஒன்று இருந்தது. அதை நம்பி நாற்பது நிமிடம் நின்றோம், வரவில்லை. அருகே மதுக்கடையில் கேட்டபோதுதான், அந்த வண்டி வேலைநாள்களுக்கு உரியது என்று காட்டினார்கள். அடிக்குறிப்பில் ஓர் எழுத்து இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. தங்குமிடத்து அம்மையார் தொலைபேசியில் பேசி, சுல்மோனாவுக்குப் போகவிருந்த தெரிந்தவர் ஒருவரின் காரில் எங்களை ஏற்றிவிட்டார். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்துவிட்டார் அந்த மனிதர். கடைசி ரயிலுக்குப் பதினோரு நிமிடம் முன்பு நிலையத்தில் இருந்தோம். என் புனைபெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மலைப்பாதை எழுதியது:

படிக்கட்டுகளைக் குறிப்பிடத் தவறியது என் பிழை. இனி வருபவர்களுக்காக அட்டவணைச் சொற்களையும் எழுதிவிடுகிறேன். ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரை. ஃபெஸ்தீவோ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறைகளும். ஸ்கொலாஸ்திக்கோ என்றால் பள்ளி நடக்கும் நாள்களில் மட்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலையூர்களில் பேருந்துகள் பெரும்பாலும் மாணவர்களை வைத்தே ஓடுவதால் ஞாயிறன்று சேவை சுருங்கிவிடும். சீட்டைப் புகையிலைக் கடையிலோ மதுக்கடையிலோ சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஞாயிறன்று அவை மூடியிருக்கலாம். முடிந்தால் ஞாயிறு காலையிலேயே சுல்மோனாவுக்கு இறங்கிவிடுங்கள். கவிஞர் ஓவிட் பிறந்த ஊர் அது. 1256இல் கட்டிய நீர்க்கால்வாயின் வளைவுகள் சந்தைத் திடலின் ஓரத்தில் நிற்கின்றன, வாதுமைக்குச் சர்க்கரை பூசிச் செய்யும் கொன்ஃபெத்தி மிட்டாய்களைப் பூங்கொத்துகளாகக் கட்டித் தெருவெல்லாம் தொங்க விட்டிருப்பார்கள். தரையும் சமம். முழங்காலுக்கு நல்லது. ரயில் நிலையம் மட்டும் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

ஊர்சுற்றி எழுதியது:

அம்மா என்ன சாப்பிட்டார் என்பதை எழுதவே இல்லையே?

கடைசிப்பேருந்து எழுதியது:

இரண்டு இரவும் ரிக்கோத்தா ரவியோலி. கொழுப்பு பற்றிய உங்கள் எச்சரிக்கையால் பருப்பு சூப்பைத் தவிர்த்தோம். கேட்டுப் பார்த்ததில் நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தது. கரடி ரொட்டியில் இரண்டை ரோமுக்குத் தூக்கி வந்தோம், ஒன்று ரயிலிலேயே முடிந்தது.

புதுவரவு எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். நவம்பர் இரண்டாம் வாரத்தில் எனக்கு விடுப்பு கிடைக்கிறது. அப்போது போவதில் பயனுண்டா, அல்லது ஊர் அடைத்துக் கிடக்குமா?

மலைப்பாதை எழுதியது:

அந்த மாதத்தில் ஊர் பெரும்பாலும் அடைந்துதான் கிடக்கும், ஒரு நாளைத் தவிர. நவம்பர் 10 மாலை, புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய இரவு, ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மூன்று பேட்டைக்காரர்களும் போட்டியிட்டு அடுக்கிய பெரும் விறகுக் குவியல்களுக்குத் தீ வைப்பார்கள். யாருடையது உயரம், யாருடையது நெடுநேரம் எரிந்தது என்பதில் அடுத்த ஆண்டு வரை வழக்கு ஓடும். உங்கள் விடுப்பு அந்த நாளில் விழுந்தால் யோசிக்காமல் அறையைப் பதிவு செய்யுங்கள். இரவில் கடுங்குளிராக இருக்கும், தீக்கு அருகே போனால் முகம் காயும், முதுகு உறையும். ஆனால் புதிய, நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். பொறி பறந்து என்னுடையதில் மூன்று ஓட்டைகள் விழுந்தன, அவற்றுள் ஒன்று வெளியே தெரிகிற இடத்தில்.